அப்பாவின் 42 ஃபிளாப்பிகள்: பழுது வட்டிலா, டிரைவிலா?

கடலோர ஊரொன்றிலிருந்து ஒரு வாசகி விரிவாக எழுதியிருக்கிறார். பெயரையும் ஊரையும் தவிர்த்து, பதிலுக்குத் தேவையானதை மட்டும் சுருக்கித் தருகிறேன்.

அவருடைய அப்பா ஓய்வுபெற்ற தமிழாசிரியர். வலை இழுக்கும்போது மீனவர்கள் பாடும் அம்பாப் பாடல்களைச் சுற்றுவட்டாரக் குப்பங்களில் கேட்டு எழுதி, 1997இலிருந்து 2004 வரை வீட்டுக் கணினியில் தாமே தட்டச்சு செய்து, மூன்றரை அங்குல ஃபிளாப்பிகளில் சேமித்து வைத்தார். மொத்தம் 42 ஃபிளாப்பிகள். கையெழுத்து நோட்டுகள் கஜா புயலில் நனைந்து வீணாகிவிட்டன. அப்பா சென்ற ஆண்டு காலமான பிறகு, பரணிலிருந்த இரும்புப் பெட்டியை இறக்கியபோது ஃபிளாப்பிகள் மட்டும் இருந்திருக்கின்றன.

முதலில் ஒரு யுஎஸ்பி ஃபிளாப்பி டிரைவ் வாங்கி மடிக்கணினியில் பார்த்தார். போட்ட எட்டில் ஒன்றுதான் திறந்தது. அது அப்பா விலைக்கு வாங்கிய தமிழ் எழுத்துரு மென்பொருளின் ஃபிளாப்பி. அப்பா எழுதிய மற்ற ஏழுக்கும் ‘இந்த வட்டு ஃபார்மட் செய்யப்படவில்லை, இப்போது செய்யவா?’ என்றே கேட்டது. வேண்டாம் என்று அழுத்தியிருக்கிறார். பிறகு அப்பாவின் பழைய பென்டியம் கணினியையே இயக்கினார். தேதி தவறாக இருந்தது, தொடங்கும்போது எஃப்1 அழுத்தச் சொன்னது. ஆனாலும் விண்டோஸ் 98 வந்தது. அந்த ஏழில் ஐந்தை ஒன்றன்பின் ஒன்றாகப் போட, ஐந்தும் திறந்தன. சில ஃபைல்களை நகலெடுத்தார். ஆறாவதாக வேறொரு ஃபிளாப்பியைப் போட்டதும் கரகரவென்று உரசும் சத்தம். அதன் பிறகு எதைப் போட்டாலும் பிழைதான். காலையில் திறந்தவைகூட மாலையில் திறக்கவில்லை. ஒருமுறை வேறு ஃபிளாப்பியைப் போட்டபோது முந்தையதன் ஃபைல் பட்டியலே தெரிந்தது. நகலெடுத்த ஃபைல்களைத் திறந்தால் ஒரே ஆங்கிலக் கிறுக்கல்.

ஊர்க் கடைக்காரர், “பத்து வருஷத்துல காந்தம் வத்திடும், ஃபார்மட் போட்டுட்டு ரெக்கவரி ஓட்டிப் பாக்கலாம்” என்கிறார். தம்பி, பழைய டிரைவைத் தூக்கிப்போட்டுவிட்டு வேறொன்று மாட்டலாம் என்கிறார். பாடல்கள் போய்விட்டனவா, ஃபார்மட் செய்யலாமா, டிரைவை மாற்றலாமா, டிரைவின் உட்புறத்தை நெயில் பாலிஷ் ரிமூவரால் துடைக்கலாமா என்று கேட்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். பாடல்களில் பெரும்பகுதி இன்னும் வட்டுகளிலேயே இருக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. ஃபார்மட் செய்யவே கூடாது. அப்பாவின் டிரைவை எறியக் கூடாது. அதைப் பத்திரமாக வைத்திருங்கள், காரணம் பின்னால் வருகிறது. ரிமூவர் வேண்டாம், அதில் பெரும்பாலும் அசிட்டோன் இருக்கும், டிரைவுக்குள் இருக்கும் பிளாஸ்டிக்கைக் கரைத்துவிடும். இந்தப் பதிலை முழுதாகப் படித்து முடிக்கும்வரை எந்த ஃபிளாப்பியையும் எந்த டிரைவிலும் போடாதீர்கள். ஐந்து வட்டுகள் காலையில் திறந்து மாலையில் திறக்காமல் போனது முதுமையால் வந்ததல்ல. 20 ஆண்டு தாங்கிய பதிவு அரை நாளில் வற்றாது. நடுவே ஆறாவது ஃபிளாப்பி வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

அந்த ஆறாவது ஃபிளாப்பி

ஹார்டு டிஸ்க்கில் ஹெட், அதாவது பதிவைப் படிக்கும் முனை, வட்டைத் தொடாமல் மிதக்கும். ஃபிளாப்பியில் அப்படி இல்லை. மேலே ஒரு ஹெட், கீழே ஒரு ஹெட், இரண்டுக்கும் நடுவே நிமிடத்துக்கு 300 சுற்று சுழலும் மெல்லிய பிளாஸ்டிக் வட்டு. ஹெட் இரண்டும் வட்டைத் தொட்டு உரசியபடியே படிக்கின்றன. கடற்காற்றும் ஈரமும் உள்ள ஊரில், பரணில், மூடிய இரும்புப் பெட்டியில் இருந்த வட்டில் பூஞ்சை பூப்பது மிகச் சாதாரணம். அந்த வட்டு சுழலும்போது பூஞ்சையும் அதனோடு பெயர்ந்த பழுப்புப் பூச்சும் ஹெட்டில் அப்பிக்கொள்ளும். நீங்கள் கேட்ட கரகர சத்தம் அதுவாகத்தான் இருக்க வேண்டும். ஹெட்டுக்கும் வட்டுக்கும் நடுவே மெல்லிய அழுக்குப் படலம் புகுந்தாலே போதும், சிக்னல் விழுந்துவிடும். நல்ல வட்டும் கெட்ட வட்டு போலத் தெரியும். அதைவிட மோசம், அதே அழுக்கு அடுத்தடுத்துப் போடும் வட்டுகளை உப்புத்தாள் போலத் தேய்க்கும். ‘இன்னொரு தடவை போட்டுப் பார்ப்போம்’ என்று திரும்பத் திரும்பப் போடுவதுதான் இந்த நிலையில் மிகப் பெரிய ஆபத்து.

கடைக்காரர் சொன்ன ‘காந்தம் வற்றுவது’ பற்றியும் சொல்ல வேண்டும். காலப்போக்கில் காந்தப் பதிவு சற்று மங்கும் என்பது உண்மை. ஆனால் நடைமுறையில் பழைய ஃபிளாப்பிகளைக் கெடுப்பவை பூஞ்சை, தூசி, பூச்சு உதிர்தல், அழுக்கான ஹெட், இடம் தவறிய ஹெட் ஆகியவையே. 1990களின் ஃபிளாப்பிகள் இன்றும் சிக்கலில்லாமல் திறப்பது ஒன்றும் அதிசயமில்லை.

‘ஃபார்மட் செய்யவா’ என்று ஏன் கேட்கிறது

இது புரிந்துவிட்டால் பாதி பயம் போய்விடும். வட்டில் பதிவு ஓடும் வளையம் டிராக், அந்த வளையத்தின் ஒரு துண்டு செக்டர். 1.44 எம்பி ஃபிளாப்பி ஒன்றில் 80 டிராக், இரண்டு பக்கம், டிராக்குக்கு 18 செக்டர், செக்டருக்கு 512 பைட்; ஆக 2,880 செக்டர்கள், 14,74,560 பைட். இதில் முதல் செக்டர் வட்டின் அறிமுகச் சீட்டு. அடுத்த 18 செக்டர்கள் எந்த ஃபைல் எங்கெங்கே இருக்கிறது என்ற அட்டவணை. ஒன்பது ஒன்பதாக ஒரே அட்டவணையின் இரண்டு பிரதிகள். அதற்கடுத்த 14 செக்டர்கள் ஃபைல் பெயர்ப் பட்டியல். இந்த 33 செக்டர்களும், இரண்டு பக்கமும் சேர்த்து, வட்டின் ஆக வெளிப்புற டிராக்கில் அடங்கிவிடுகின்றன. அந்த ஒரு வளையத்தைப் படிக்க முடியாவிட்டால், மீதி 2,847 செக்டர்கள் நன்றாக இருந்தாலும் கணினி ‘இது ஃபார்மட் ஆகவே இல்லை’ என்றுதான் சொல்லும். முகப்பு அட்டை கிழிந்த நோட்டை எழுதாத நோட்டு என்று எடுத்துக்கொள்வது போல.

அப்படிப்பட்ட வட்டில் முழு ஃபார்மட் போட்டால் 80 டிராக்குகளும் புதிதாக எழுதப்பட்டு, அடியில் இருந்த பாடல்கள் போய்விடும். விரைவு ஃபார்மட் போட்டாலும் அட்டவணையின் இரண்டு பிரதிகளும் பெயர்ப் பட்டியலும் காலியாகும். ஹார்டு டிஸ்க்கில் விரைவு ஃபார்மட்டுக்குப் பிறகு மீட்ட அனுபவத்தை வைத்து அந்தக் கடைக்காரர் சொல்லியிருக்கலாம். ஃபிளாப்பிக்கு அது பொருந்தாது. ஸ்கேன்டிஸ்க், செக்டிஸ்க் போன்ற பழுது நீக்கும் கருவிகளையும் மூல வட்டில் ஓட்ட வேண்டாம். அவை வட்டின் மேலேயே திருத்தி எழுதுபவை.

கோணலான டிரைவே சாவி

உங்கள் கடிதத்தில் மிக முக்கியமான தடயம் நீங்கள் போகிறபோக்கில் எழுதிய ஒரு வரி. யுஎஸ்பி டிரைவில் திறந்தது கடையில் வாங்கிய ஃபிளாப்பி மட்டும். அப்பா எழுதிய ஏழும் திறக்கவில்லை. ஆனால் அவற்றில் ஐந்து அப்பாவின் டிரைவில் வரிசையாகத் திறந்தன. எல்லா வட்டும் கெட்டிருந்தால் இப்படி நடக்காது. அப்பாவின் டிரைவில் ஹெட் நிற்கும் இடம் சற்றே தள்ளிப்போயிருந்தது என்பதே இதற்குப் பொருத்தமான விளக்கம்.

அங்குலத்துக்கு 135 டிராக். ஒரு டிராக்கின் நடுவிலிருந்து அடுத்ததன் நடுவுக்கு 0.19 மில்லிமீட்டர்கூட இல்லை. ஹெட் அதில் சிறு பங்கு விலகினாலும் அந்த டிரைவ் தன் போக்கிலேயே எழுதி, தன் போக்கிலேயே படித்துக்கொள்ளும். வீட்டில் ஒரே கணினி இருந்தால் ஆண்டுக்கணக்கில் யாருக்கும் தெரியாது. சரியாகப் பொருந்திய வேறு டிரைவில் போடும்போதுதான் சிக்கல் வெளிவரும். ஆகவே தம்பி சொல்வது போல அந்த டிரைவை எறிந்தால், அந்த 42 வட்டுகளுக்கும் பொருந்திய ஒரே சாவியை எறிந்தது போலாகும். ‘அலைன்மென்ட்’, அதாவது ஹெட் நிற்கும் இடம், ‘சரிசெய்து தருகிறேன்’ என்று யாராவது முன்வந்தாலும், எல்லா வட்டுகளையும் பிரதி எடுத்து முடிக்கும்வரை ஒப்புக்கொள்ளாதீர்கள். இப்போது அந்தக் கோணல் நமக்கு வேண்டும்.

முதலில் வட்டுகளைக் கண்ணால் பாருங்கள்

ஒவ்வொரு ஃபிளாப்பியிலும் மூலையில் ஒரு சிறு பிளாஸ்டிக் தாழ் இருக்கும். அதை நகர்த்தி, துளை வழியே வெளிச்சம் தெரியும்படி வையுங்கள். துளை திறந்திருந்தால் எழுத முடியாது. 42க்கும் இதைச் செய்யுங்கள். விண்டோஸ் 95, 98 போன்றவை, எழுதத் தடையில்லாத ஃபிளாப்பியைச் சும்மா திறந்து பார்த்தாலே அதன் முதல் செக்டரில் தங்கள் அடையாளத்தைப் பதிப்பவை. அதற்கு இடம் கொடுக்கக் கூடாது.

பிறகு உலோகக் கதவை விரலால் ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு, டார்ச் வெளிச்சத்தைச் சாய்வாக விழவிடுங்கள். பின்புறத்தில் உள்ள உலோக வட்டத்தை மெதுவாகத் திருப்பினால் வட்டு முழுவதும் கதவைத் தாண்டி ஓடும். நல்ல வட்டு கரும்பழுப்பாக, சீராக, மங்கலாகப் பளபளக்கும். வெண்புள்ளிகள், சிலந்தி வலை போன்ற இழைகள், படலங்கள் தெரிந்தால் பூஞ்சை. வட்டமாக ஓடும் கீறல், அதனூடே ஒளி தெரியும் அளவுக்குப் பூச்சு போயிருந்தால் அந்த வளையத்தில் இருந்ததை யாராலும் மீட்க முடியாது. ஆறாவது ஃபிளாப்பிக்குப் பிறகு நீங்கள் போட்ட வட்டுகளை இந்தக் கண்ணோடு கவனமாகப் பாருங்கள்.

மூன்று குவியலாகப் பிரியுங்கள்: சுத்தமானவை, சந்தேகமானவை, பூஞ்சை பிடித்தவை. பூஞ்சை உள்ளவற்றைத் தனித்தனி ஜிப் கவரில் போட்டுத் தள்ளி வையுங்கள். கையாளும்போது முகக்கவசம் அணியுங்கள். ஏசி அறைக்குக் கொண்டுபோனால் ஒரு நாள் அங்கேயே கிடந்து பழகட்டும்.

பூஞ்சை வட்டுகளைக் கழுவ முடியும். ஆனால் அது கடைசி வேலை. கதவைக் கழற்றி, பிளாஸ்டிக் உறையை மூலையிலிருந்து மெல்லப் பிரித்து, வட்டை நடு உலோகத்தில் மட்டும் பிடித்து எடுக்க வேண்டும். இன்வெர்ட்டருக்கு ஊற்றும் டிஸ்டில்ட் வாட்டரில் ஒரு துளி பாத்திரம் கழுவும் திரவம் கலந்து, நூல் உதிராத மென்துணியால் அழுத்தாமல் துடைத்து, மீண்டும் டிஸ்டில்ட் வாட்டரில் அலசி, நிழலில் ஒரு நாள் முழுக்க உலர விட வேண்டும். வெயிலும் கூடாது, ஹேர் டிரையரும் கூடாது. உலர்ந்ததை அதே உறையில் போடாதீர்கள். உள்ளே ஒட்டியிருக்கும் மென்துணியில் பூஞ்சை இருக்கும். தேவையில்லாத ஒரு ஃபிளாப்பியின் உறையைக் கடன் வாங்குங்கள். முதலில் உபயோகமற்ற ஒரு வட்டில் கைப்பழக்கம் வந்த பிறகே அப்பாவின் வட்டைத் தொடுங்கள்.

டிரைவைச் சுத்தம் செய்வது

தேவையானது 99 சதவீத ஐசோபுரோபைல் ஆல்கஹால். மொபைல் சர்வீஸ் கடைகளில் போர்டு துடைக்க வைத்திருப்பார்கள். ‘ஐபிஏ’ என்று கேட்டால் புரியும். மருந்துக் கடை ஸ்பிரிட்டில் தண்ணீரும் வேறு சேர்மானங்களும் இருக்கும், வேண்டாம். பஞ்சு நுனியைவிட ஃபோம் நுனி உள்ள பட்ஸ் நல்லது. பஞ்சு இழை மேல் ஹெட்டில் சிக்கி இழுக்கும்.

கணினியை அணைத்து, மின் இணைப்பைப் பிடுங்கி, கேபிள்கள் செருகியிருக்கும் விதத்தை மொபைலில் படம் எடுத்துக்கொண்டு டிரைவைக் கழற்றுங்கள். தட்டைக் கேபிளில் ஒரு ஓரம் சிவப்பாக இருக்கும், அது ஒன்றாம் பின் பக்கம். திரும்ப மாட்டும்போது தலைகீழாகப் போனால் டிரைவின் விளக்கு அணையாமல் எரிந்துகொண்டே இருக்கும். அப்போது உள்ளே ஃபிளாப்பி இருக்கக் கூடாது. நான்கு பின் உள்ள சிறிய மின் செருகியைத் தலைகீழாகவோ ஒரு பின் தள்ளியோ செருகினால் டிரைவ் எரிந்துவிடும். இங்கே மட்டும் இரண்டு முறை சரிபாருங்கள்.

மேல் தகடை எடுத்ததும் உள்ளே சிறு கை ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். அதன் அடியில் மேல் ஹெட், அதற்கு நேர் கீழே கீழ் ஹெட். ஃபிளாப்பி இல்லாதபோது இரண்டும் விலகியே நிற்கும், அந்த இடைவெளி போதும். கையைத் தூக்கி வளைக்காதீர்கள். மேல் ஹெட் மெல்லிய ஸ்பிரிங் தகட்டில் உட்கார்ந்திருக்கிறது, அது வளைந்தால் நமக்கு வேண்டிய அந்தக் ‘கோணல்’ மாறிவிடும். பட்ஸை ஆல்கஹாலில் நனைத்து, சொட்டாதபடி பிழிந்து, ஹெட்டின் முகத்தில் மெதுவாக நாலைந்து முறை துடைத்துப் பட்ஸைப் பாருங்கள். பழுப்பாக வந்தால் புதுப் பட்ஸ், மறுபடியும். வெள்ளையாக வரும்வரை. பத்து நிமிடம் உலர விடுங்கள். ஹெட்டை நகர்த்தும் ஸ்டெப்பர் மோட்டாரைப் பிடித்திருக்கும் திருகுகள், மெழுகோ பெயின்டோ பூசி முத்திரையிட்ட திருகுகள் எதையும் தொடக் கூடாது. ஹெட் ஓடும் தண்டில் பழைய கிரீஸ் கெட்டியாகி இருந்தால் துடைத்துவிட்டுத் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சிறு துளி. தேங்காய் எண்ணெய் பிசினாகிவிடும்.

இதே கையோடு மதர்போர்டில் உள்ள சிஆர்2032 பட்டன் பேட்டரியையும் மாற்றிவிடுங்கள். தேதி தவறியதற்கும் எஃப்1 கேட்டதற்கும் அதுதான் காரணமாக இருக்க வேண்டும். மாற்றிய பின், கணினி தொடங்கும்போது திறக்கும் பயாஸ் அமைப்பில் ஏ டிரைவ் (ஃபிளாப்பி டிரைவ்) ‘1.44 எம்பி, மூன்றரை அங்குலம்’ என்று இருக்கிறதா என்று பாருங்கள். வேறு அளவாகவோ ‘இல்லை’ என்றோ இருந்தால் நல்ல ஃபிளாப்பியும் பிழை காட்டும்.

முந்தைய ஃபிளாப்பியின் பட்டியலே தெரிந்ததற்கு வேறு காரணம். ஃபிளாப்பி மாறியதை டிரைவ் கணினிக்குத் தெரிவிப்பது கேபிளின் 34ஆம் பின் வழியே. அந்தத் தொடர்பு விட்டுப்போனால் கணினி நினைவில் இருக்கும் பழைய பட்டியலையே காட்டும். அந்த நேரத்தில் எழுத நேர்ந்தால் ஒரு வட்டின் அட்டவணை இன்னொன்றின் மேல் ஏறிவிடும். தாழைத் திறந்து வைக்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். கேபிளைக் கழற்றி அழுத்தமாகச் செருகுங்கள், தொடர்ந்தால் வேறு கேபிள் மாற்றுங்கள். அன்றைக்கு நகலெடுத்தவற்றை நம்ப வேண்டாம்.

சோதனை, பிறகு பிரதி

சுத்தம் செய்த டிரைவில் முதலில் போடுவது அப்பாவின் வட்டாக இருக்கக் கூடாது. பழைய பிரின்டர் டிரைவர் ஃபிளாப்பி போல இழந்தாலும் பரவாயில்லாத இரண்டு மூன்றைத் தேடிப் பிடியுங்கள். ஒன்றை ஓட்டி எடுத்து, கதவைத் திறந்து, புதுக் கீறல் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். விழவில்லையென்றால் தொடரலாம். எழுத்துரு ஃபிளாப்பியைச் சோதனைக்குப் பயன்படுத்தாதீர்கள், அதன் தேவை கடைசியில் வரும்.

அடுத்து, சுத்தமான குவியலிலிருந்து ஒவ்வொன்றாக. ஃபைல்களைத் தேர்ந்தெடுத்து நகலெடுக்காமல், முதல் செக்டரிலிருந்து கடைசிச் செக்டர் வரை வட்டு முழுவதையும் ஒரே ஃபைலாக எடுக்கும் ‘இமேஜ்’ முறைதான் சரி. விண்டோஸில் வின்இமேஜ் இதைச் செய்யும். 42 வட்டுக்கும் சேர்த்து ஏறத்தாழ 62 எம்பிதான். அந்தப் பழைய ஹார்டு டிஸ்க்கிலேயே இடம் இருக்கும். விண்டோஸ் 98இல் பென் டிரைவ் தானாக வேலை செய்யாது என்பதால், வேலை முடிந்ததும் ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி, அதன் பழைய ஐடிஇ இணைப்பை யுஎஸ்பியாக மாற்றும் ஐடிஇ–யுஎஸ்பி அடாப்டர் மூலம் மடிக்கணினியில் இணைத்து எடுத்துக்கொள்ளலாம்.

பழைய 34 பின் ஃபிளாப்பி இணைப்புள்ள, லினக்ஸ் ஓடக்கூடிய ஒரு கணினி கிடைத்தால் இன்னும் நல்லது. அப்பாவின் டிரைவை அதில் மாட்டி, டிடிரெஸ்க்யூ என்ற இலவச நிரலை ஓட்டுங்கள். அது எளிதாகப் படிக்க முடிந்ததை முதலில் எடுத்துவிட்டு, கடினமானவற்றுக்குப் பிறகு திரும்பி வரும். எது கிடைத்தது, எது கிடைக்கவில்லை என்று ஒரு வரைபடக் கோப்பில் குறித்துக்கொள்ளும். அந்தக் கோப்பை வைத்துக்கொண்டு அதே வட்டை நாளை வேறு டிரைவில் போட்டால் விடுபட்டதை மட்டும் படிக்கும். ஒரு டிரைவ் விட்டதை இன்னொன்று எடுப்பது அடிக்கடி நடக்கும்.

பிழை வந்தால் ‘மறுமுயற்சி’யை அழுத்திக்கொண்டே இருக்காதீர்கள். ஹெட் அதே வளையத்தில் நின்று தேய்க்கும். மூன்று முறை போதும். ஃபிளாப்பியை வெளியே எடுத்துத் திரும்பப் போடுங்கள். வட்டு அச்சில் வேறு மாதிரி உட்காருவதால் சில நேரம் படித்துவிடும். எட்டுப் பத்து வட்டுக்கு ஒருமுறை, அல்லது சந்தேகமான ஒன்றுக்குப் பிறகு உடனே, ஹெட்டைத் துடையுங்கள்.

பிழையின் சாயலைக் கவனித்தால் காரணம் தெரியும். ஒவ்வொரு முறையும் வேறு வேறு செக்டரில் பிழை வந்தால் டிரைவ், கேபிள், மின்சாரம் இவற்றில் கோளாறு. எப்போதும் அதே செக்டர் என்றால் வட்டில். ஒரு பக்கத்துச் செக்டர்கள் மட்டும் போனால் அந்தப் பக்கத்து ஹெட் அழுக்கு. உள் டிராக்குகளில் மட்டும் தடுமாறினால் சிக்னல் பலவீனம். உள்வட்டம் சிறியது, அதே 18 செக்டர்களும் அங்கே நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கின்றன. டாஸ் காட்டும் செய்திகளும் பேசும்: ‘நாட் ரெடி’ என்றால் வட்டு சரியாகச் சுழலவில்லை அல்லது உட்காரவில்லை, ‘செக்டர் நாட் ஃபவுண்ட்’ என்றால் செக்டரின் முகவரியே தெரியவில்லை, ஹெட் இடம் தவறியதற்கான அறிகுறி, ‘டேட்டா எரர்’ என்றால் முகவரி கிடைத்தது, உள்ளடக்கம் சரிபார்ப்புக் கணக்குக்குப் பொருந்தவில்லை.

எடுத்த ஒவ்வொரு இமேஜுக்கும் ஃபிளாப்பியின் மேல் அப்பா எழுதிய பெயரையே வையுங்கள். உடனே இன்னொரு பிரதி எடுத்துவிட்டு, அந்தப் பிரதியில் மட்டும் பழுது பாருங்கள். முதல் அட்டவணை கெட்டிருந்தால் இரண்டாவதை அதன் மேல் எழுதுவது, பெயரிழந்த ஃபைல்களைத் தேடுவது எல்லாம் அங்கே தாராளமாகச் செய்யலாம். தவறினால் மறுபடி நகலெடுத்தால் ஆயிற்று. ஒரு செக்டர் போனால் போவது 512 பைட், ஒரு பாடலின் சில அடிகள். அதற்காக முழு ஃபைலையும் கைவிட வேண்டாம். திறக்க மறுக்கும் வேர்ட் ஃபைலிலிருந்து எழுத்தை மட்டும் உருவி எடுக்க வேர்டிலேயே வசதி இருக்கிறது.

அந்தக் கிறுக்கல் கிறுக்கல் இல்லை

நகலெடுத்த ஃபைல்களில் ஆங்கில எழுத்துகளாகத் தெரிவதைப் பார்த்து வட்டு அழுகிவிட்டது என்று முடிவு கட்டியிருக்கிறீர்கள். பெரும்பாலும் அப்படி இருக்காது. யூனிகோடு பரவுவதற்கு முன் தமிழைத் தட்டச்சு செய்தவர்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவங்களை வைத்த எழுத்துருக்களைப் பயன்படுத்தினார்கள். எழுத்துரு இல்லாத கணினியில் அடியில் இருக்கும் ஆங்கிலமே தெரியும். பாமினி என்ற எழுத்துருவில் அடித்த ‘தமிழ்’ என்ற சொல், எழுத்துரு இல்லாதபோது ஜே, கே, பி, ஓ, அதன் பின் ஓர் அரைப்புள்ளி என்று தெரியும். உங்கள் ஃபைல்களில் இந்த ஐந்தும் சேர்ந்து வருகிறதா என்று தேடிப் பாருங்கள். வந்தால் அது பாமினி முறை, பாடல் முழுதாக இருக்கிறது. ஐரோப்பிய மொழிகளின் புள்ளியும் கொம்பும் வைத்த எழுத்துகள் நிறைய தெரிந்தால் டாப், டாம், டிஸ்கி போன்ற குறியாக்கங்களில் ஒன்றாக இருக்கலாம். டாமும் டாபும் 1999இல் தமிழ்நாடு அரசு தரமாக அறிவித்தவை, அப்பா எழுதிய காலத்தில் புழக்கத்தில் இருந்தவை.

எழுத்துரு ஃபிளாப்பி இங்கேதான் வேண்டும். யுஎஸ்பி டிரைவிலேயே அது திறந்தது; அந்த டிரைவின் ஹெட் சுத்தமாக இருக்கிறதா என்று உதவாத வட்டு ஒன்றை ஓட்டிப் பார்த்துவிட்டு, அதிலேயே அதற்கு இமேஜ் எடுங்கள். அப்பா எந்த எழுத்துருவில் எழுதினார் என்பது அதிலிருந்தே தெரியவரும். பழைய கணினியின் ஃபான்ட்ஸ் கோப்புறையையும் அப்படியே நகலெடுங்கள். பிறகு என்எச்எம் கன்வர்ட்டர் போன்ற மாற்றி ஒன்றில் அந்தக் குறியாக்கத்தைத் தேர்ந்து யூனிகோடுக்கு மாற்றலாம். மாற்றியதை ஒருமுறை கண்ணால் படித்துச் சரிபாருங்கள், கொம்பும் காலும் இடம் மாறுவது உண்டு. அம்பாப் பாடல்களில் வரும் வட்டாரச் சொற்களை ‘பிழை’ என்று திருத்திவிடாதீர்கள்.

வெளியே கொடுப்பதானால்

இவ்வளவும் செய்தும் சில வட்டுகள் படியவில்லையென்றால், கிரீஸ்வீசல், கிரையோஃபிளக்ஸ் போன்ற கருவி வைத்திருப்பவரைத் தேடுங்கள். இவை ஃபைல், செக்டர் எதையும் பார்க்காமல் வட்டின் காந்த மாற்றங்களையே பல சுற்றுகள் பதிவு செய்பவை. கணினியில் டிரைவை இயக்கும் சாதாரணக் கன்ட்ரோலர் கைவிட்ட செக்டர்களையும் பல சுற்றுகளை ஒப்பிட்டு மீட்க முடிகிறது. அவரிடம் வட்டுகளோடு அப்பாவின் டிரைவையும் கொடுத்து, அதிலேயே படிக்கச் சொல்லுங்கள். கடை ஒன்றில் கொடுப்பதாக இருந்தால் ரசீதில் எழுதி வாங்குங்கள்: எத்தனை வட்டு, மூல வட்டில் எதுவும் எழுதவோ ஃபார்மட் செய்யவோ மாட்டோம், இமேஜ் ஃபைல்களையும் தருவோம், வட்டையும் டிரைவையும் திருப்பித் தருவோம். கட்டணம் வாங்கிச் செய்யும் வேலையில் கவனக்குறைவால் இழப்பு நேர்ந்தால், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி அது சேவைக் குறைபாடு. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிட உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் அழிந்த பாடலை எந்த ஆணையமும் திருப்பித் தர முடியாது என்பதால் முதல் தடவை எல்லா 42ஐயும் கொடுக்காதீர்கள். அதிகம் முக்கியமில்லாத இரண்டைக் கொடுத்து வேலையைப் பாருங்கள்.

இந்த வாரம் டிரைவைத் தொட வேண்டாம். தாழைத் திறப்பது, டார்ச் அடித்துப் பார்ப்பது, குவியல் பிரிப்பது, இது மட்டும். பூஞ்சைக் குவியலில் எத்தனை சேர்ந்தன, கீறல் எத்தனையில் இருக்கிறது, நகலெடுத்த ஃபைல்களில் அந்த ஐந்து எழுத்துகள் கிடைத்தனவா என்று எழுதுங்கள். அதைப் பார்த்து எந்த வட்டிலிருந்து தொடங்குவது என்று சொல்கிறேன்.